தொட்டிக்கு வயிறு சரியில்லை

"மாப்பிள்ளைக்கு எங்கே வேலை?"

"காத்திவாக்கத்துல. ஒரு நொறுக்குத் தீனி கம்பெனியில கெமிஸ்ட்."

"முறுக்கு சுடற இடத்துல கெமிஸ்ட்டுக்கு என்ன வேலை?"

2007-ஆம் வருஷம், ராயபுரத்தில் நான் பெண் பார்க்கப் போன வீட்டில் நடந்த குறுக்கு விசாரணை இது. பெண்ணின் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயரானவர். கப்பலில் வந்த சரக்கைப் பார்க்கிற மாதிரியே என்னையும் மேலும் கீழும் பார்த்தார். அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். 'கழிவுத் தண்ணி'ன்னு மட்டும் சொல்லிடாதே என்று அர்த்தம்.

"கேஸ் பாக்கிறேன் ஸார்" என்றேன்.

"கேஸா? உம்ம மேலயா?"

"இல்ல ஸார், எரியற கேஸ்."

அவர் முகத்தில் நிம்மதி. தட்டில் இருந்த பஜ்ஜி என் பக்கம் நகர்ந்தது.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் முழு நிஜமும் இல்லை. எங்கள் கம்பெனியில் தினமும் சிப்ஸ், மிக்சர், முறுக்கு என்று டன் கணக்கில் பொரிப்பார்கள். சாயந்திரம் அந்தக் கொப்பரைகளையும் தரையையும் காஸ்டிக் சோடா போட்டுக் கழுவுவார்கள். உருளைக்கிழங்கு சீவிய மாவுத் தண்ணீர், கடலை மாவு, உப்பு, எல்லாவற்றுக்கும் மேலே எண்ணெய். எல்லாம் சேர்ந்து நாளைக்கு அறுபதாயிரம் லிட்டர். பார்வைக்கு மோர்க்குழம்பு, வாசனைக்கு வேறு ஏதோ. அதைச் சுத்தம் செய்கிற இடம் என் ராஜ்யம். பிரஜைகள் மொத்தம் மூன்று பேர்.

வேலை முடிந்து காத்திவாக்கம் ஸ்டேஷனில் லோக்கல் ரயில் ஏறுவேன். எவ்வளவு கூட்டம் இருந்தாலும் எனக்கு உட்கார இடம் கிடைத்துவிடும். பக்கத்து சீட்டும் கிடைக்கும். எதிர் சீட்டில் இருப்பவர் விம்கோ நகர் வந்ததும் இறங்கி வேறு பெட்டியில் ஏறுவார். மாம்பலத்தில் ஏறி நின்றுகொண்டே பரங்கிமலை போகிற நண்பர்கள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும்.

*

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம். ஆபீசில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

எங்களிடம் ஒரு பெரிய மூடிய தொட்டி இருந்தது. காற்று உள்ளே போகக் கூடாது. அதற்குள் கோடானுகோடி நுண்ணுயிர்கள். கழிவுத் தண்ணீரை உள்ளே விட்டால் அவை அதைச் சாப்பிட்டு மீத்தேன் கலந்த வாயுவை வெளியே விடும். மாட்டின் வயிற்றிலும், சதுப்பு நிலத்தின் அடியிலும் நடக்கிற அதே சமாச்சாரம்தான். 1776-ல் வோல்டா என்கிற இத்தாலியர் (பாட்டரி கண்டுபிடித்தாரே, அவரேதான்) ஒரு ஏரிக்கரையில் சேற்றைக் கிளறி, குமிழி விட்டு வந்த வாயுவைப் பிடித்து எரித்துப் பார்த்தார். 1897-லேயே பம்பாய் மாதுங்காவில் தொழுநோயாளர் விடுதிக் கழிவிலிருந்து கேஸ் எடுத்து விளக்கெரித்திருக்கிறார்கள். நம் கிராமங்களில் சாண எரிவாயுக் கலனை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

தொட்டிக்குள் நடப்பது சுத்தமான ஆபீஸ் நிர்வாகம். நாலு மேஜை. முதல் மேஜைக்காரர் பெரிய பெரிய மாவு, புரதம், கொழுப்பை எல்லாம் சின்னச் சின்னதாக வெட்டிக் கொடுப்பார். இரண்டாவது மேஜை அதைப் புளிக்க வைத்து அமிலமாக்கும். மூன்றாவது மேஜை அந்த அமிலத்தை அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றும். நாலாவது மேஜையில் உட்கார்ந்திருக்கிறவர்தான் மீத்தேன் தயாரிக்கிறவர். இவர் பாக்டீரியாவே இல்லை. ஆர்க்கியா என்கிற தனி ஜாதி. 1977 வரைக்கும் அது யாருக்கும் தெரியாது. முதல் இரண்டு மேஜைக்காரர்களும் படபடவென்று குட்டி போட்டுப் பெருகுவார்கள். இவர் இரட்டிப்பாகப் பல நாள் எடுத்துக்கொள்வார். சூடு முப்பத்தைந்து டிகிரி சுமாருக்கு இருக்க வேண்டும் (சென்னையில் அதற்குக் குறைச்சலில்லை). பி.ஹெச். ஏழை ஒட்டி இருக்க வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் பேனாவை மூடி வைத்துவிட்டுப் போய்விடுவார்.

அவர் கையெழுத்துப் போடாவிட்டால் மூன்றாவது மேஜையில் ஃபைல் தேங்கும். ஆபீசில் ஃபைல் தேங்கினால் தூசி சேரும். தொட்டியில் தேங்கினால் அமிலம் சேரும். அமிலம் சேரச் சேர அவருக்கு உடம்பு இன்னும் கெடும். அவர் படுத்தால் அமிலம் இன்னும் ஏறும். இந்தச் சுழலுக்குத் 'தொட்டி புளிச்சுப் போச்சு' என்று எங்கள் பாஷை.

இதில் எண்ணெய் ஒரு தனி ரகம். ஒரு கிலோ மாவுச்சத்தை முழுசாக ஜீரணித்தால் சுமார் 400 லிட்டர் மீத்தேன் வரும். ஒரு கிலோ கொழுப்பிலிருந்தோ 1,000 லிட்டர். அப்படியானால் எண்ணெயை அள்ளி ஊற்ற வேண்டியதுதானே என்பீர்கள். எண்ணெய் உடைந்தால் வருகிற நீளமான கொழுப்பு அமிலங்கள் அந்தப் பூச்சிகளின் மேல் போய்ப் பூசிக்கொள்ளும். அவை மூச்சுத் திணறி, மிதந்து, தண்ணீரோடு வெளியே போய்விடும். நெய் உடம்புக்கு நல்லதுதான், அதற்காக ஒரு வாளி நெய்யைக் குடிக்க முடியுமா? அதனால் முதலில் மிதக்கிற எண்ணெயை வழித்து எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டுத்தான் ஊட்ட வேண்டும்.

அப்படி ஊட்டினால் எங்கள் தொட்டி நாளைக்கு ஏறக்குறைய நாலு வீட்டு சிலிண்டருக்குச் சமமான கேஸ் கொடுக்கும். கேன்டீனில் இட்லி வெந்தது அதில்தான். இந்த விஷயத்தை இட்லி சாப்பிட்ட பிறகுதான் புது ஆட்களுக்குச் சொல்வோம்.

*

கல்யாணம் தை மாதம் என்று நிச்சயமானது. அதற்கு முன்னால் தீபாவளி வந்தது. நவம்பர் 8.

நொறுக்குத் தீனிக் கம்பெனிக்குத் தீபாவளி என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்று ஷிப்டும் பொரித்துத் தள்ளினார்கள். என் தொட்டிக்கு வருகிற தண்ணீர் இரட்டிப்பானது. போதாக்குறைக்கு ஒரு ராத்திரி யாரோ ஒரு புண்ணியவான், பொரித்துப் பொரித்துக் கறுத்துப்போன எண்ணெயைப் பீப்பாய் பீப்பாயாகச் சாக்கடையில் சாய்த்துவிட்டார். அதை விற்றுக் கணக்குக் காட்டுவதைவிடக் கவிழ்ப்பது சுலபம்.

மறுநாள் காலை பி.ஹெச். 6.6. சாயந்திரம் 6.2. அதற்கடுத்த நாள் 5.9. கேஸ் மீட்டர் முள் படுத்துவிட்டது. தொட்டியின் வாயிலாக நுரை நுரையாகக் கசடு வழிந்தது. கேன்டீன் மாஸ்டர் வந்து, "ஸார், அடுப்பு எரியல, இட்லி மாவாவே இருக்கு" என்றார். என் வயிற்றில் எதுவோ எரிந்தது.

ஜனங்களுக்குத் தீபாவளி லேகியம் இருக்கிறது. தொட்டிக்கு?

ராத்திரி பதினோரு மணிக்கு மேனேஜர் போன் பண்ணினார். ஷிப்டை நிறுத்த முடியாது, சரக்கு லாரியில் ஏற வேண்டும், கழிவுத் தொட்டிகள் எல்லாம் விளிம்பு வரை நிரம்பிவிட்டன. "பைபாஸ் வால்வு ஒண்ணு இருக்கில்ல? வெளியே நல்ல மழை. யாருக்குத் தெரியப் போவுது?"

அந்த வால்வைத் திறந்தால் தண்ணீர் நேரே மழைநீர் வாய்க்காலுக்குப் போகும். அங்கிருந்து பக்கிங்காம் கால்வாய். அங்கிருந்து எண்ணூர் முகத்துவாரம்.

எனக்கு இருபத்தேழு வயசு. தை மாதம் கல்யாணம். பத்திரிகை அச்சுக்குக் கொடுத்தாயிற்று. அதில் என் பெயருக்குப் பக்கத்தில் கம்பெனி பெயரும் இருந்தது. 'வேலை போயிற்று' என்று ராயபுரத்தில் போய் எப்படிச் சொல்வது?

திறந்தேன்.

குடை பிடித்துக்கொண்டு நின்றேன். மஞ்சளும் சாம்பலுமாகத் தண்ணீர் மழையோடு மழையாகப் போயிற்று. மேனேஜர் சொன்னது சரிதான். யாருக்கும் தெரியவில்லை.

பதினைந்து நிமிஷம் இருக்கும். ராத்திரி ஷிப்ட் ஆபரேட்டர் வந்தார். எண்ணூர்ப் பக்கத்து மீனவ குப்பத்துக்காரர். என்னைவிடப் பதினைந்து வயசு மூத்தவர், எல்லோருக்கும் அண்ணன். ஒன்றும் பேசவில்லை. வால்வை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"சார், நீ படிச்சவன். எனக்கு ஒண்ணும் தெரியாது. காலைல எங்கம்மா அந்தத் தண்ணிலதான் எறங்கி எறா தடவும். அதான் மூடிட்டேன்."

முகத்துவாரத்தில் இறால் தடவுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. இடுப்பளவு, மார்பளவு தண்ணீரில் இறங்கி, பறியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அடிச் சேற்றைத் துழாவி இறாலைப் பிடித்துப் போடுவார்கள். வலை கிடையாது, படகு கிடையாது. முகம் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே இருக்கும், அவ்வளவுதான். நான் திறந்துவிட்டது அந்த முகத்துக்கு நேரே போகிற தண்ணீர்.

அனல் மின் நிலையத்துச் சாம்பல், மற்ற ஆலைகளின் கழிவு என்று அந்த முகத்துவாரம் ஏற்கெனவே பட்ட பாடு கொஞ்சமில்லை. அதில் என் பதினைந்து நிமிஷம் ஒரு சுண்டைக்காய் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு கம்பெனியிலும் குடை பிடித்துக்கொண்டு ஒருத்தன் நிற்கிறான், அவனும் இதைத்தான் சொல்லிக்கொள்கிறான் என்று அப்புறம் தோன்றியது.

உள்ளே போய் லாக் புத்தகத்தை எடுத்தேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து யார் வந்தாலும் முதலில் கேட்கிற புத்தகம். 'இரவு 11.40 முதல் 11.55 வரை பைபாஸ் வால்வு திறக்கப்பட்டது. திறந்தது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் நான். எழுதாமல் விட்டிருந்தால் மறுநாளும் திறந்திருப்பேன். அந்தப் பயத்தில் எழுதினேன்.

மேனேஜர் காலையில் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். அவர் முகம் பி.ஹெச். தாள் மாதிரி நிறம் மாறியது. கிழிக்கவும் முடியாது, ஒவ்வொரு பக்கத்துக்கும் நம்பர் போட்ட புத்தகம். இனி வால்வைத் திறந்தால் அதுவும் எழுதப்படும் என்று அவருக்குப் புரிந்தது. ஒரு ஷிப்டை நிறுத்தினார். நிரம்பி வழிந்த தண்ணீரை டாங்கர் லாரி பிடித்துச் சுத்திகரிப்புக்கு அனுப்பினார். எனக்கு மெமோ வந்தது. அந்த வருஷ இன்கிரிமென்ட் வரவில்லை.

*

அடுத்து தொட்டிக்கு வைத்தியம். முதல் மருந்து பட்டினி. ஒரு சொட்டுக் கழிவு உள்ளே விடவில்லை. இரண்டாவது மருந்து சோடா உப்பும் சுண்ணாம்பும், அமிலத்தைத் தணிக்க. மூன்றாவது மருந்து சாணம். மாட்டின் வயிற்றில் இருக்கிற நாலாவது மேஜைக்காரர்கள் அதில் உயிரோடு வருவார்கள். நம் ஆபீசில் ஆள் செத்துப்போனால் வேறு பிராஞ்ச்சிலிருந்து டெபுடேஷனில் போடுவதில்லையா, அது மாதிரி.

திருவொற்றியூரில் மாடு வைத்திருக்கிற பால்காரர்களாகத் தேடிப் போனேன். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, முதல் வகுப்பு. சாணத்துக்குப் பேரம். "சூடா இருக்கணும், அன்னன்னிக்குப் போட்டதா இருக்கணும்" என்றதும் ஒரு பால்கார அம்மா, "டிகாக்‌ஷனாடா போடப் போற?" என்று கேட்டார். ஒரு மீன்பாடி வண்டியில் பீப்பாய்களை ஏற்றி, நானும் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். தேரடி அருகே வரும்போது எதிரே, கையில் அர்ச்சனைத் தட்டோடு கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார் என் வருங்கால மாமனார்.

வண்டியைப் பார்த்தார். பீப்பாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கேஸ்?" என்றார்.

"ஆமா ஸார்" என்றேன்.

வேறொன்றும் கேட்காமல் போய்விட்டார்.

ஒரு நாள் அடைத்துக்கொண்ட குழாயை எடுக்க அண்ணன் பக்கத்துக் குழிக்குள் இறங்கக் கால் வைத்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். வாழ்நாளில் அவரிடம் நான் குரல் உயர்த்தியது அன்றைக்கு மட்டும்தான். இந்தக் குழிகளில் ஹைட்ரஜன் சல்ஃபைட் தங்கியிருக்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம். அளவு ஏறினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. எங்கள் தொழிலில் பாலபாடம் இது: நாற்றம் வந்தால் ஓடு, வந்த நாற்றம் சட்டென்று நின்றால் இன்னும் வேகமாக ஓடு. சாக்கடைக் குழியில் இறங்கிச் செத்தவர் குடும்பத்துக்கு 30 லட்ச ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொன்னது. அந்தப் பணம் திரும்பி வந்து 'அண்ணே' என்று கூப்பிட்டால் பேசுமா? குழாயை நீளக் கம்பியால் வெளியே நின்றே எடுத்தோம். அரை நாள் ஆனது.

பத்தாம் நாள் பி.ஹெச். 6.4. பதினெட்டாம் நாள் 6.8. கைக்குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுகிற மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிவை விட ஆரம்பித்தோம். கார்த்திகை தீபம் வந்த வாரம், அதாவது இருபத்தைந்தாம் நாள், மீட்டர் முள் அசைந்தது. அண்ணன் பர்னரைத் திறந்து தீக்குச்சியை நீட்டினார். இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது தடவை 'பக்'கென்று நீலமாகப் பிடித்துக்கொண்டது. அதில் டீ போட்டுக் குடித்தோம். சர்க்கரை போட மறந்துவிட்டோம் என்பது குடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது.

*

கல்யாணம் நடந்தது. முகூர்த்தத்துக்கு முன்னால் மாமனாரிடம் போய், "ஸார், நான் பாக்கிறது கழிவுத் தண்ணி வேலை" என்றேன். "தேரடியிலேயே தெரிஞ்சு போச்சு. துறைமுகத்துல முப்பது வருஷம் இருந்தவனுக்கு நாத்தம் ஒரு நாத்தமா?" என்றார்.

இப்போது காலம் மாறியிருக்கிறது. காத்திவாக்கம் 2011-ல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017-ல் மூடிவிட்டார்கள். சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் பலவற்றில் மரவள்ளிக் கழிவுத் தண்ணீரிலிருந்து கேஸ் எடுக்கிறார்கள். இங்கே பக்கத்தில் கொடுங்கையூரில் சாக்கடைக் கசடிலிருந்து வருகிற வாயுவில் மின்சாரம் எடுக்க இன்ஜின் வைத்தார்கள். பொரித்த எண்ணெய்க்கும் 2018-ல் கட்டுப்பாடு வந்தது. 'போலார்' கூட்டுப்பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது. அந்த எண்ணெயை பயோடீசலுக்கு வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. பீப்பாயைச் சாக்கடையில் கவிழ்ப்பவர் இப்போது காசைக் கவிழ்க்கிறார்.

நீங்களும் வீட்டில் அப்பளம் பொரித்த எண்ணெயை ஸிங்க்கில் ஊற்றாதீர்கள். லண்டனில் 2017-ல் ஒரு சாக்கடைக்குள் 130 டன் எடையில், 250 மீட்டர் நீளத்துக்குக் கொழுப்புக் கட்டி அடைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கரண்டி போனதுதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் கச்சா எண்ணெய்ப் படலம் வந்து படிந்தபோது போய்ப் பார்த்தேன். அது என் தொட்டிப் பூச்சிகள் சாப்பிடுகிற எண்ணெய் இல்லை. படகெல்லாம் கறுப்பு. மீனவர்கள் மக்கில் மொண்டு பீப்பாயில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணனும் அங்கே இருந்தார். ரிட்டயராகி விட்டார். கை முழங்கை வரை கறுப்பு.

"இன்னா சார், இதுக்கு சாணி போட்டா சரியாவுமா?" என்று சிரித்தார்.

அவருடைய அம்மா இப்போது இல்லை. இருந்த வரைக்கும் ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கள் வீட்டுக்கு இறால் கொடுத்தனுப்புவார். 'தண்ணிய நல்லா வெச்சிக்கிற தம்பி'க்கு என்று சொல்லித்தான் அனுப்புவாராம். அண்ணன் அந்த ராத்திரியைப் பற்றி அம்மாவிடம் சொல்லவேயில்லை. நானும் சொல்லவில்லை.

லாக் புத்தகத்தில் எழுத முடிந்தது. அந்த அம்மாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. என் மனைவி தொக்கு பண்ணுவாள். நன்றாகத்தான் இருக்கும். முதல் வாயை மட்டும் முழுங்க எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.